செக்ரடேரியட்: மகள்கள் வழியே ஓடிக்கொண்டிருக்கும் குதிரை

1973 ஜூன் 9, நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க் மைதானம். அன்றைய முக்கியமான ரேஸில் ஒரு குதிரையின் மேல் இரண்டு டாலர் கட்டியவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது வெறும் 2 டாலர் 20 சென்ட். அந்தக் குதிரைதான் ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் இவ்வளவு குறைவு. இதில் வேடிக்கை என்னவென்றால், ஜெயித்த டிக்கெட்டுகளில் 5,617 டிக்கெட்டுகளுக்கு யாரும் பணம் வாங்கவே வரவில்லை. பாதிப் பேர் தொலைத்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலானவர்கள் டிக்கெட்டை நினைவாக வைத்துக்கொள்ள வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அந்தக் குதிரையின் பெயர் செக்ரடேரியட்.

குதிரைப் பந்தயம் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ‘ஒரு குதிரை வேகமாக ஓடியது, ஜெயித்தது, அதற்கு மேல் என்ன இருக்கிறது’ என்று கேட்பவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் இருந்தேன். ஓடி முடித்த பிறகும் ஒரு கதை இருக்கிறது, அது ஓட்டத்தைவிட நீளம்.

முதலில் செக்ரடேரியட்டின் இனமான தரோப்ரெட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் உள்ளூர்ப் பெண் குதிரைகளோடு கிழக்கிலிருந்து கொண்டுவந்த ஆண் குதிரைகளைச் சேர்த்து உருவாக்கிய இனம் இது. இன்றைக்கு உலகத்தில் இருக்கும் எந்தத் தரோப்ரெட்டை எடுத்தாலும், அப்பா, அப்பாவின் அப்பா என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தால் பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று குதிரைகளில் ஒன்றில் போய் முடியும். தாயும் தகப்பனும் வம்சப் பதிவேட்டில் இருந்தால்தான் குட்டிக்கும் அதில் இடம். அதோடு, செயற்கைக் கருவூட்டலுக்கு இந்த இனத்தில் அனுமதி கிடையாது, நேரடியாக இனச்சேர்க்கை நடந்தாக வேண்டும். இது ஏதோ பழைய சம்பிரதாயம் மாதிரி தெரியும். ஆனால் மொத்தப் பணமும் இதில்தான் இருக்கிறது. ஓர் ஆண் குதிரையால் ஒரு பருவத்தில் இத்தனை பெண் குதிரைகளோடுதான் சேர முடியும் என்ற வரம்பு இருப்பதால், அந்த வாய்ப்புக்கு விலை ஏறுகிறது.

ஆக ஒரு நல்ல ஆண் குதிரைக்கு இரண்டு வேலைகள். இரண்டு மூன்று வருடம் ஓட வேண்டும், அப்புறம் பத்துப் பதினைந்து வருடம் பொலிகுதிரையாக இருந்து குட்டிகள் கொடுக்க வேண்டும். இரண்டாவது வேலையில்தான் பெரிய பெரிய பெயர்கள் கவிழ்ந்திருக்கின்றன. செக்ரடேரியட்டையும் அந்தக் கவிழ்ந்தவர்கள் பட்டியலில் வெகுகாலம் வைத்திருந்தார்கள்.

சரி, பிறப்புக்குப் போவோம். வர்ஜீனியா மாநிலத்தில் மெடோ என்றொரு குதிரைப் பண்ணை. உரிமையாளர் கிறிஸ்டோஃபர் செனரி நோயில் படுத்துவிட, மகள் பென்னி செனரி பண்ணையைக் கையில் எடுத்திருந்தார். அந்தக் காலத்தின் புகழ்பெற்ற பொலிகுதிரை போல்ட் ரூலர், அதன் சொந்தக்காரர்கள் ஃபிப்ஸ் குடும்பம். அவர்கள் சேர்க்கைக்குப் பணம் வாங்குவதற்குப் பதிலாக ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். மெடோ பண்ணை வருடத்துக்கு இரண்டு பெண் குதிரைகள் வீதம் இரண்டு வருடம் அனுப்ப வேண்டும், பிறகு நாணயம் சுண்டி குட்டிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். டாஸில் ஜெயித்தவருக்கு முதல் வருடக் குட்டிகளில் பிடித்ததை எடுக்கும் உரிமை, தோற்றவருக்கு மீதிக் குட்டியும், இரண்டாம் வருடத்தில் முதல் உரிமையும்.

1969-இல் டாஸ் போட உட்கார்ந்தபோது ஒரு சிக்கல். இரண்டாம் வருடம் அனுப்பிய இரண்டு குதிரைகளில் ஒன்று சினை பிடிக்கவில்லை. அதாவது அடுத்து வரப்போவது ஒரே குட்டி. ஜெயித்தவருக்கு ஒரு குட்டி, தோற்றவருக்கு இரண்டு குட்டி! இரண்டு பேருமே தோற்கத்தான் ஆசைப்பட்டார்கள். ஜெயித்தவர் ஆக்டன் ஃபிப்ஸ். அவர் எடுத்த பெண் குட்டி நான்கு ரேஸ் ஓடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. பென்னிக்கு வந்த, அப்போது தாய் வயிற்றில் இருந்த குட்டிதான் 1970 மார்ச் 30 அன்று நள்ளிரவு தாண்டிப் பிறந்த செக்ரடேரியட். செம்பழுப்பு உடம்பு, மூன்று கால்களில் வெள்ளை, நெற்றியில் வெள்ளை.

தாயின் பெயர் சம்திங்ராயல். அந்தத் தாயின் அப்பா பிரின்ஸ்குவில்லோ. இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் ரூலரின் பிள்ளைகள் வேகமானவை, ஆனால் தூரம் கூடினால் மூச்சு வாங்கும் என்று அன்றைக்கு ஒரு பேச்சு இருந்தது. பிரின்ஸ்குவில்லோவின் வம்சமோ நீண்ட தூரம் தாங்கும். அப்பாவிடமிருந்து வேகம், அம்மா வழித் தாத்தாவிடமிருந்து தாக்குப்பிடிக்கும் சக்தி என்ற கணக்கில்தான் இந்த ஜோடியைச் சேர்த்தார்கள்.

பெயர் வந்த கதையும் கொஞ்சம் சிரிப்புதான். பண்ணையின் செயலாளர் எலிசபெத் ஹாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்களை எழுதி அனுப்ப, பதிவு செய்கிறவர்கள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள். கடைசியில் ஒப்புக்கொள்ளப்பட்டது ‘தலைமைச் செயலகம்’ என்று அர்த்தம் வருகிற இந்தப் பெயர். இதைவிடக் கம்பீரம் குறைந்த பெயரை ஒரு குதிரைக்கு வைத்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும், ஆனால் இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் அமெரிக்காவில் பாதிப் பேருக்குக் குதிரைதான் ஞாபகம் வரும்.

லாயத்தில் செல்லப் பெயர் பிக் ரெட். டிரெய்னர் லூசியன் லாரின், ரேஸில் மேலே உட்கார்ந்து ஓட்டுகிற ஜாக்கி ரான் டர்காட், இரண்டு பேரும் கனடாக்காரர்கள். கூடவே இருந்து குளிப்பாட்டி, தீனி வைத்து, கால் நீவிவிட்டவர் எடி ஸ்வெட். 1972 ஜூலை 4 அன்று முதல் ரேஸ். கதவு திறந்ததுமே பக்கத்துக் குதிரை மோதித் தடுமாற வைத்துவிட்டது, நான்காவதாக வந்தது. வாழ்க்கையில் முதல் மூன்று இடங்களுக்கு வெளியே அது முடித்தது அந்த ஒரு தடவைதான். அந்த வருடம் ஓடிய ஒன்பதில் ஏழு வெற்றி. சாம்பேன் ஸ்டேக்ஸ் என்ற ரேஸில் முதலில் வந்தும், இன்னொரு குதிரைக்கு இடைஞ்சல் செய்ததாக இரண்டாம் இடத்துக்கு இறக்கினார்கள். இரண்டு வயதுக் குட்டியாக இருக்கும்போதே அந்த ஆண்டின் சிறந்த குதிரை என்ற விருது, வழக்கமாகப் பெரிய குதிரைகளுக்குப் போவது, இதற்கு வந்தது.

இங்கே வயதுக் கணக்கு பற்றி ஒரு வரி. வட அரைக்கோளத்தில் எல்லாத் தரோப்ரெட்டுகளுக்கும் ஜனவரி 1-தான் பிறந்தநாள், எந்த மாதம் பிறந்தாலும் சரி. மூன்று வயதில் மட்டும்தான் ‘டிரிபிள் கிரவுன்’ எனப்படும் மூன்று ரேஸ்களில் ஓட முடியும். கென்டக்கி டெர்பி சுமார் 2,012 மீட்டர், வழக்கமாகப் பால்டிமோரில் நடக்கும் பிரீக்னஸ் சுமார் 1,911 மீட்டர், பெல்மான்ட் வழக்கமாகச் சுமார் 2,414 மீட்டர். மூன்றும் ஐந்து வாரத்துக்குள், வேறு வேறு ஊரில், வேறு வேறு தூரத்தில். தவறவிட்டால் அடுத்த வருடம் வந்து மறுபடி முயற்சி செய்ய முடியாது. 1948-இல் சைட்டேஷன் ஜெயித்த பிறகு 25 வருடமாக மூன்றையும் எந்தக் குதிரையும் ஜெயிக்கவில்லை.

டெர்பிக்கு இரண்டு வாரம் முன்னால் வுட் மெமோரியல் ரேஸில் செக்ரடேரியட் மூன்றாவதாக வந்தது. வாய்க்குள் சீழ்க்கட்டி இருந்திருக்கிறது. ஆனால் வெளியில் பரவியது வேறு பேச்சு: ‘பார்த்தீர்களா, போல்ட் ரூலர் பிள்ளைக்குத் தூரம் ஒத்துவராது.’

மே 5, டெர்பி. எனக்குப் பிடித்த கணக்கு இந்த ரேஸில்தான் இருக்கிறது. தூரத்தைச் சுமார் 400 மீட்டர் வீதம் ஐந்து துண்டுகளாக வெட்டிப் பாருங்கள். முதல் துண்டை 25.2 நொடியில் ஓடியது. அடுத்தது 24. அடுத்தது 23.8, அப்புறம் 23.4, கடைசித் துண்டு 23. எந்த மிருகமும் ஓட ஓடக் களைக்கும், கடைசியில் ஜெயிக்கிற குதிரை என்பது பெரும்பாலும் மற்றவற்றைவிடக் குறைவாக வேகம் இழந்த குதிரைதான். இது வேகத்தை இழக்கவே இல்லை, கூட்டிக்கொண்டே போனது. மொத்தம் 1 நிமிடம் 59.4 நொடி, டெர்பி சாதனை, இன்னும் உடையவில்லை. இரண்டாவது வந்த ஷாம் என்ற குதிரையைப் பாவம் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு எந்த வருடத்தில் பிறந்திருந்தாலும் அதற்குச் சிலை வைத்திருப்பார்கள்.

இரண்டு வாரம் கழித்து பிரீக்னஸில், கடைசியாகக் கிளம்பி, முதல் வளைவிலேயே வெளிப்புறமாகச் சுற்றி எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. வளைவில் அப்படிப் பாய்வது குதிரையின் சக்தியை வீணாக்கும் வேலை என்று எந்த ஜாக்கியும் சொல்வார். டர்காட் ஒன்றும் விரட்டவில்லை, குதிரை தானாகப் போனது. அன்றைக்கு மைதானத்துக் கடிகாரம் தப்பாக ஓடியதில் நேரம் பற்றிய சண்டை வருடக்கணக்கில் நீடித்து, 2012-இல்தான், பழைய படப்பதிவுகளை வைத்து, 1 நிமிடம் 53 நொடி என்று அதிகாரபூர்வமாகத் திருத்தினார்கள். குதிரை செத்து இருபது வருடத்துக்கு மேலான பிறகு அதற்கு ஒரு சாதனை கிடைத்தது.

பெல்மான்ட்டில் ஐந்தே குதிரைகள். தொடக்கத்திலேயே செக்ரடேரியட்டும் ஷாமும் தலைக்குத் தலை, இவ்வளவு நீள ரேஸுக்குப் பைத்தியக்காரத்தனமான வேகத்தில் ஓடின. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் பயந்தார்கள், இரண்டும் சேர்ந்து களைத்துப் பின்தங்கப்போகின்றன என்று. ஷாம் களைத்தது, பின்னால் போய்க் கடைசி இடத்துக்கே வந்துவிட்டது. செக்ரடேரியட் மட்டும் அதே வேகத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ‘ஒரு மாபெரும் இயந்திரம் மாதிரி போகிறது’ என்று வர்ணனையாளர் சிக் ஆண்டர்சன் மைக்கில் கத்தினார். இடைவெளி பத்து குதிரை நீளம், இருபது, கடைசியில் 31. ஒரு குதிரை நீளம் என்பது சுமார் 2.4 மீட்டர், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 75 மீட்டர். தொலைக்காட்சிக் கேமராவில் இரண்டாவது குதிரையைக் காட்ட வேண்டுமென்றால் படத்தை அவ்வளவு அகலமாக விரிக்க வேண்டியிருந்தது. டர்காட் ஓடுகிற குதிரை மேலிருந்து தலையைத் திருப்பிப் பார்க்கிற புகைப்படம் உண்டு. எதிராளி யாரும் பக்கத்தில் இல்லாததால் அவர் பார்த்தது நேரம் காட்டும் பலகையை.

2 நிமிடம் 24 நொடி. மண் தடத்தில் அந்தத் தூரத்துக்கு உலக சாதனை. அரை நூற்றாண்டு தாண்டியும் பெல்மான்ட்டில் அதை நெருங்கியவர்கள் இல்லை. அடுத்த சிறந்த நேரம் 2 நிமிடம் 26 நொடி, அதை இரண்டு குதிரைகள் பகிர்ந்துகொள்கின்றன. அதில் ஒன்று யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தோல்விகளையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இது பக்திக் கதை ஆகிவிடும். அதே ஆகஸ்டில் சரடோகாவில் ஆனியன் என்ற, ஆமாம் வெங்காயம்தான், யாரும் பெரிதாக நினைக்காத குதிரையிடம் தோற்றது. அப்போது அதற்கு உடம்பு சரியில்லை என்று பின்னால் தெரிந்தது. செப்டம்பரில் புரூவ் அவுட்டிடம் தோல்வி. இரண்டு குதிரைகளுக்கும் டிரெய்னர் ஒருவரே, ஆலன் ஜெர்கென்ஸ். நடுவில் மார்ல்பரோ கப்பில் ஓர் உலக சாதனை, அப்புறம் புல் தரையில் ஓடி ஒரு வெற்றி, கடைசியாக அக்டோபர் 28 அன்று கனடாவின் டொரன்டோவில் ஆறரை குதிரை நீளத்தில் ஜெயித்து ஓய்வு. மொத்தம் 21 ரேஸ், 16 வெற்றி, மூன்று இரண்டாம் இடம், ஒரு மூன்றாம் இடம், 13,16,808 டாலர் பரிசுப் பணம்.

மூன்று வயதில், உச்சத்தில் இருக்கும்போது ஏன் நிறுத்தினார்கள்? காரணம் மேலே சொன்ன அந்த இரண்டாவது வேலை. 1973 ஜனவரியில் கிறிஸ்டோஃபர் செனரி இறந்ததும் வாரிசு வரி கட்டப் பெரும் பணம் தேவைப்பட்டது. கென்டக்கியின் கிளைபோர்ன் பண்ணையை நடத்திய சேத் ஹான்காக், அப்போது இருபத்து மூன்று இருபத்து நான்கு வயது இளைஞர், குதிரையை 32 பங்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 1,90,000 டாலருக்கு விற்றுக் கொடுத்தார். மொத்தம் 60,80,000 டாலர், அன்றைக்கு அது ஒரு சாதனை விலை. பங்கு வாங்கியவருக்கு வருடத்துக்கு ஒரு பெண் குதிரையை அனுப்பும் உரிமை. டிரிபிள் கிரவுனுக்கு முன்பே இது நடந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். மூன்று வயது முடிந்ததும் ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. ரேஸில் மொத்தமாகச் சம்பாதித்தது பதின்மூன்று லட்சம், இனப்பெருக்க உரிமைக்கு விலை அறுபது லட்சம். யாராக இருந்தாலும் கணக்கு இப்படித்தான் போயிருக்கும்.

பண்ணைக்குப் போனதும் முதல் அதிர்ச்சி: பரிசோதனையில் விந்தணுக்கள் முதிர்ச்சி அடையவில்லை என்று வந்தது. அறுபது லட்சம் போட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! சோதித்துப் பார்க்க அப்பலூசா என்ற வேறு இனத்துப் பெண் குதிரை ஒன்றோடு சேர்த்தார்கள், குட்டி பிறந்தது, எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அடுத்த பதினைந்து வருடத்தில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட குட்டிகள்.

ஆனால் எதிர்பார்த்தது வரவில்லை. எல்லோருக்கும் இன்னொரு செக்ரடேரியட் வேண்டும். நல்ல பிள்ளைகள் இல்லாமல் போகவில்லை. லேடீஸ் சீக்ரெட் என்ற மகள் 1986-இல் ஆண்டின் சிறந்த குதிரை, ரைசன் ஸ்டார் என்ற மகன் 1988-இல் பிரீக்னஸையும் பெல்மான்ட்டையும் ஜெயித்தது. ஆனால் குதிரை வளர்ப்பவர்கள் ஒரு பொலிகுதிரையை எடைபோடுவது மகன்களை வைத்து. மகன் நன்றாக ஓடி, அவனும் பொலிகுதிரையாகி, அவன் மகனும் அப்படியே ஆனால்தான் ‘வம்சம் நிலைத்தது’ என்பார்கள். அந்த வரிசை செக்ரடேரியட்டுக்குப் பிடிபடவில்லை. அதே 1970-இல் பிறந்த மிஸ்டர் பிராஸ்பெக்டர் என்ற குதிரை, டிரிபிள் கிரவுன் ரேஸ் ஒன்றில்கூட ஓடாதது, பொலிகுதிரையாக உலகத்தையே ஆண்டது. ஓட்டத்தில் ராஜா, வம்சத்தில் தோல்வி என்று தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள்.

மகள்களை யாரும் எண்ணவில்லை.

செக்ரடேரியட்டின் மகள்களுக்குப் பிறந்த பேரன்களைப் பாருங்கள். வீக்கெண்ட் சர்ப்ரைஸ் என்ற மகளை 1977 டிரிபிள் கிரவுன் குதிரை சியாட்டில் ஸ்லூவோடு சேர்த்ததில் பிறந்தது ஏ.பி. இண்டி. டெர்லிங்குவா என்ற மகளுக்குப் பிறந்தது ஸ்டார்ம் கேட். சீக்ரெட்டேம் என்ற மகளுக்குப் பிறந்தது கான் வெஸ்ட், அதன் அப்பா வேறு யாருமல்ல, அந்த மிஸ்டர் பிராஸ்பெக்டர். ஸ்டார்ம் கேட் உச்சத்தில் இருந்தபோது ஒரு சேர்க்கைக்குக் கட்டணம் 5,00,000 டாலர். மூன்று பேரன்களும் பெரிய பொலிகுதிரைகள், மூன்றின் அப்பாவும் வேறு வேறு வம்சம், மூன்றுக்கும் பொதுவாக இருப்பது அம்மா வழித் தாத்தா மட்டும். 2015-இல் டிரிபிள் கிரவுன் ஜெயித்த அமெரிக்கன் ஃபரோவாவும் 2018-இல் ஜெயித்த ஜஸ்டிஃபையும் ஸ்டார்ம் கேட் வழியில் வந்தவை.

பிரின்ஸ்குவில்லோவை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா, அதுவும் அம்மா வழித் தாத்தாவாகத்தான் பெயர் வாங்கிய குதிரை. தாத்தா செய்ததையே பேரனும் செய்திருக்கிறது. குதிரை வளர்ப்பில் அம்மா வழித் தாத்தாக்களுக்கென்றே தனியாகத் தரவரிசை போடுவார்கள், 1992-இல் அதில் முதலிடம் செக்ரடேரியட்டுக்கு. அப்போது அது உயிரோடு இல்லை.

1989 இலையுதிர் காலத்தில் அதற்கு லாமினைட்டிஸ் வந்தது. குளம்புக்குள் எலும்பைப் பிடித்து நிறுத்தும் திசு வீங்கி, பிடிப்பு விட்டுப்போகும் நோய். அரை டன் மிருகம் நான்கு குளம்புகளில் நிற்க வேண்டும், அதில் வலி என்றால் படுக்கவும் முடியாது நிற்கவும் முடியாது. அக்டோபர் 4 அன்று ஊசி போட்டு வலியிலிருந்து விடுவித்தார்கள், 19 வயது. பந்தயக் குதிரைகளுக்குத் தலை, இதயம், குளம்பு மட்டும் புதைப்பது வழக்கம், செக்ரடேரியட்டை முழு உடலாகக் கிளைபோர்னில் புதைத்தார்கள்.

உடலைப் பரிசோதித்த மருத்துவர் தாமஸ் ஸ்வெர்செக் இதயத்தைப் பார்த்துத் திகைத்துப் போனார். நோய் எதுவும் இல்லை, எல்லாம் ஒழுங்காக இருந்தது, அளவு மட்டும் சாதாரணக் குதிரை இதயத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அவர் அதை எடை போடவில்லை, பின்னாளில் வேறு குதிரைகளின் இதயங்களோடு ஒப்பிட்டு சுமார் பத்துக் கிலோ இருக்கும் என்று மதிப்பிட்டார். அந்த ஒப்பீட்டில் ஒன்று ஷாமின் இதயம், அதை எடை போட்டிருந்தார், சுமார் எட்டுக் கிலோ. அந்த வருடம் மோதிக்கொண்ட இரண்டுமே சாதாரண உடம்புகள் இல்லை என்பது தெரிகிறது.

இதிலிருந்து ஒரு கருத்து கிளம்பியது. பெரிய இதயத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆண் தன் எக்ஸை மகளுக்கு மட்டும்தான் கொடுக்க முடியும், மகனுக்குப் போவது ஒய், அதனால்தான் செக்ரடேரியட்டின் திறமை மகன்களைத் தாண்டி மகள்களிடம் போனது என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகவும் இருக்கிறது. இது நிரூபணமாகவில்லை. இதய அளவு ஒரே மரபணுவால் தீர்மானமாகிற விஷயம் என்று நம்பக் கஷ்டம், நல்ல தாய்க்கு நல்ல தகப்பன்களைத் தேடிச் சேர்த்தார்கள் என்ற எளிய காரணமே பாதியை விளக்கிவிடும். மகள்கள் வழியாகத்தான் வந்தது என்பது பதிவேட்டில் இருக்கும் உண்மை, ஏன் என்பது இன்னும் ஊகம்.

பெல்மான்ட்டில் இரண்டாவது சிறந்த நேரம் யாருடையது என்று பாக்கி வைத்திருந்தேன். ஒன்று 1989-இல் ஓடிய ஈஸி கோயர். இன்னொன்று 1992-இல், அதே 2 நிமிடம் 26 நொடியில் ஓடி ஜெயித்த ஏ.பி. இண்டி.

குதிரைகளின் வம்ச அட்டவணை எங்காவது கண்ணில் பட்டால் ஒரு தடவை நின்று பாருங்கள். மேல்பாதி அப்பா பக்கம், கீழ்பாதி அம்மா பக்கம். அமெரிக்காவில் இப்போது ஓடும் தரோப்ரெட் என்றால் எங்காவது ஏ.பி. இண்டியோ ஸ்டார்ம் கேட்டோ கான் வெஸ்டோ தட்டுப்பட நல்ல வாய்ப்பு உண்டு. தட்டுப்பட்டால் அதன் அம்மா பெயரில் விரலை வையுங்கள், அந்த அம்மாவுக்கு அப்பா யார் என்று அடுத்த கட்டத்தில் எழுதியிருக்கும்.